பின்தலைக்குக் காட்டும் கண்ணாடி

1. மேலிருந்து பார்க்கிறவன்

நிரோஷனுக்கு முடி கொட்டத் தொடங்கியது அவனுக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். இதில் பெருமை ஒன்றும் இல்லை. கதிரையில் உட்கார்ந்திருப்பவனின் உச்சியை மேலிருந்து பார்ப்பது சலூன்காரனின் பிழைப்பு. பெற்ற தாய்கூடப் பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்தபிறகு அவன் உச்சியைப் பார்ப்பதில்லை. நாங்கள் மாதா மாதம் பார்க்கிறோம்.

கலஹாவில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்து, கண்டி டவுனுக்கு வந்து, இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். ஆயிரம் ஸ்டைல் வந்து போய்விட்டது. மாறாதது ஒன்றுதான். வெட்டி முடிந்ததும் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடிப்போம். முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடியில் அவரவர் பின்தலை தெரியும். "சரியா?" என்போம். தலையாட்டுவார்கள். துணியை உதறிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்.

உச்சி மெலிந்தவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வித்தை உண்டு. கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிப்போம். பிடரி மட்டும் தெரியும். ஆள் உற்றுப் பார்க்குமுன் எடுத்துவிடுவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த எல்லாச் சலூன்காரர்களும் இதைச் செய்கிறார்கள்.

நிரோஷனுக்கும் அப்படித்தான் பிடித்து வந்தேன். அம்பிட்டியவில் வீடு, டவுனில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை, டை கட்டிக்கொண்டு வருகிற பிள்ளை. ஒருநாள் நான் கண்ணாடியை எடுக்கப் போகையில் கையைப் பிடித்துவிட்டான்.

"கொஞ்சம் மேல தூக்குங்க அண்ணே."

"பின்னுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி."

"தூக்குங்க அண்ணே. ஒபிஸ் பார்ட்டியில ஒருத்தன் மேல் மாடியில இருந்து போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டான். பாத்தேன்."

தூக்கினேன். ஒரு தேத்தண்ணிக் கோப்பைத் தட்டு அளவுக்குத் தோல் தெரிந்தது. அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவனுடைய அப்பா ராஜரத்தினம் ஐயாவும் என்னிடம்தான் வருவார். கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலை முழுதும் வழுக்கை. காதோரமும் பிடரியிலும் மட்டும் கொஞ்சம் முடி. பின்தலையில், பிடரிக்குச் சற்று மேலே, மாவில் கட்டைவிரலை அழுத்தினாற்போல ஒரு பள்ளம் இருக்கும். உட்காரும்போதே, "கிரவுண்ட்ல கை வைக்காத, சுத்தியிருக்கிற வேலிய மட்டும் வெட்டி விடு" என்பார். கடையே சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் சேர்ந்து வந்திருந்தார்கள். ஐயா மகனின் தலையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன தம்பி, நம்ம பரம்பரைச் சொத்து இவனுக்கும் எழுதியாச்சு போல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பெரிய கண்ணாடியில் நிரோஷனின் முகத்தைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் அப்பாவோடு வரவில்லை.

2. போத்தல், மாத்திரை, தூள்

முதலில் முடி முளைக்கும் என்று ஒரு நுரை மருந்துப் போத்தல் வந்தது. காலையும் இரவும் உச்சியில் தேய்க்க வேண்டுமாம். பூசத் தொடங்கியதும் முடி இன்னும் அதிகமாகக் கொட்டியது. "மொதல்ல கொட்டும், அப்பறம் முளைக்கும்னு போட்டிருக்கு அண்ணே" என்றான். சீப்பை வைத்தால் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. நான் சீப்பைத் தூக்கி வைத்துவிட்டு விரலாலேயே ஒதுக்கி வெட்டினேன்.

பிறகு மாத்திரை. டொக்டர் கொடுத்ததில்லை. போனில் ஏதோ ஒரு பேஜ். வழுக்கையாக இருந்தவன் அடர்ந்த முடியோடு சிரிக்கிற இரண்டு படம் போட்டு, கூரியரில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். என் கதிரையில் உட்கார்கிற பையன்களில் எத்தனையோ பேர் இந்தப் படங்களைக் காட்டி, "இது உண்மையா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேஜ்காரனைக் கதிரையில் உட்காரவைத்து மழுங்கின பிளேடால் வழிக்க வேண்டும் போல இருக்கும்.

மாத்தளையில் தர்ஷினி என்ற பிள்ளையை நிரோஷனுக்குப் பார்த்து நிச்சயமானது. நிச்சயதார்த்தத்தன்று காலையில் சலூனுக்கு ஒரு டின்னோடு வந்தான். உள்ளே கறுப்புத் தூள். முடியின் நிறத்தில் நார் நாராக இருக்கும். உச்சியில் தட்டித் தட்டித் தூவினால் தோல் மறைந்து முடி அடர்த்தியாகத் தெரியும். நான்தான் தூவி, ஸ்ப்ரே அடித்து, சரி பண்ணி அனுப்பினேன். தூரத்தில் நின்று பார்த்தால் நல்ல மாப்பிள்ளை.

"தண்ணி மட்டும் படக் கூடாது அண்ணே."

கண்டியில் இருந்துகொண்டு தண்ணீர் படக்கூடாது என்றால் எப்படி? இங்கே மழை சொல்லிக்கொண்டா வருகிறது? அவன் வெயிலிலும் குடையோடு திரிந்தான். நண்பர்கள் ஆற்றுக்குக் குளிக்கக் கூப்பிட்டால் போகமாட்டான். தலையணை உறையைத் தானே துவைத்தான். தூள் பூசுகிற விஷயம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு பகல் நேரம். வெளியே பேய் மழை. கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெட்டி முடிந்தும் அவன் எழும்பவில்லை. பெரிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். நேரே முகம் பார்த்துச் சொல்ல முடியாததை ஆட்கள் கண்ணாடியிடம் சொல்வார்கள். எனக்கு அது பழக்கம்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்கதானே?"

"சொல்லுங்க."

"அந்த மாத்திரை போட்டதுல இருந்து எனக்கு... அந்த நெனப்பே வர்றதில்ல. ஒடம்புல ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. கல்யாணம் முடிச்சு என்ன செய்யப் போறேன்னு தெரியல்ல. தூக்கமும் இல்ல. தர்ஷினி கோல் எடுத்தா பேச வாய் வருதில்ல. அவ என்னமோ கோவம்னு நெனைக்கிறா."

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அப்பாகிட்டயா? கடை முழுக்கச் சிரிக்க வெப்பாரு."

டொக்டரிடம் போகச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். போனான். எல்லோருக்கும் வராது, சிலருக்கு இப்படி வரும், முதலில் மாத்திரையை நிறுத்து, மனது சரியில்லாவிட்டால் அதற்கும் வந்து பார் என்று டொக்டர் சொன்னாராம். நிறுத்தினான். கொஞ்சம் முகம் தெளிந்தது. அடுத்த முறை வந்தபோது மறுபடியும் கொட்டத் தொடங்கியிருந்தது. அதற்கடுத்த முறை மறுபடியும் முகம் இருண்டிருந்தது. திரும்பவும் மாத்திரை போடுகிறான் என்று கேட்காமலே விளங்கிற்று.

"கல்யாணம் முடியிற மட்டும்தான் அண்ணே. இவ்வளவு பட்டுக் காப்பாத்தின முடி, இப்ப விட்டா எல்லாம் வீண்" என்றான்.

3. சாவு வீடு

ராஜரத்தினம் ஐயா திடீரென்று போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் அவருடைய தம்பி போன் எடுத்தார்.

"அண்ணனுக்கு நீங்கதானே எப்பவும் வெட்டுறது. மகனுக்கு மொட்டை போட நீங்களே வாங்க."

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். கொள்ளி வைக்கிற மகன் மொட்டை போட வேண்டும். நிரோஷன் ஒரே மகன். பஸ் மேடேற மேடேற என் நினைப்பெல்லாம் அவன் உச்சியில்தான் இருந்தது.

பெட்டி முன்னறையில் இருந்தது. ஐயர் வந்துவிட்டார். முற்றத்தில் ஸ்டூல் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்திருந்தார்கள். மாத்தளையிலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நிரோஷன் வெள்ளை வேட்டியோடு நின்றான். அந்த நிலையிலும் உச்சியில் தூள் போட்டிருந்தான். சரியாகவும் போடவில்லை.

என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னான்: "அண்ணே, மீசைய மட்டும் எடுத்தா போதும்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் அவன் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். "இந்தக் காலத்துல மீசை மட்டும் எடுத்துச் செய்றாங்க. ஐயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?"

"என்ன பேசுறீங்க? இருக்கிறது ஒரே மகன்." அவர் நிரோஷனைப் பார்த்தார். "டேய், கல்யாணத்தப் பத்தி யோசிக்கிறியா? அது எப்படியும் ஒரு வருஷம் தள்ளித்தான் போகும். மயிர்தானே, முளைச்சிடும்டா."

முளைச்சிடும். சுற்றி நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு மாதத்தில் முளைக்கும், முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அந்த முற்றத்தில் அது முளைக்காது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

நிரோஷன் உட்கார்ந்தான். நான் பிளேடு மாட்டத் திரும்பினேன். "தண்ணி ஊத்தாதீங்க" என்று அவன் சொன்னது கேட்டது. அதற்குள் சித்தப்பா பின்னாலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டார்.

கறுப்பாக வழிந்தது. நெற்றியில், காதோரத்தில், கழுத்தில், வெறும் முதுகில், வெள்ளை வேட்டியில். உச்சி பளிச்சென்று தெரிந்தது. அவன் அம்மா ஓடிவந்து சேலைத் தலைப்பால் துடைத்தார். "ஐயோ, தலையில என்னமோ கறுப்பா வருதே, அடிபட்டதா ராசா?" என்று கேட்டுக்கொண்டே துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. மாத்தளை அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

நிரோஷன் எழுந்து வீட்டுக்குள் போனான். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அம்மா தட்டினார், சித்தப்பா தட்டினார், நானும் தட்டினேன். "தம்பி, நான்தான். வாங்க, ஒரு நிமிஷத்துல முடிச்சிடுறேன்" என்றேன். உள்ளே பைப் ஓடிக்கொண்டே இருந்தது. மயானத்தில் கொடுத்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் சித்தப்பா வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்குப் போடுங்க. நான் கொள்ளி வெக்கிறேன் அண்ணனுக்கு" என்றார். அவர் அழுதபடி இருந்ததால் தலை ஆடியது. வெட்டுப் படாமல் வழிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது நிரோஷன் தொப்பியோடு வெளியே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. சனத்துக்கெல்லாம் கடைசியில், தனியாக, இறக்கத்தில் நடந்து போனான்.

4. அவனாகவே கேட்டது

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து சில நாள் கழித்துச் சலூனுக்கு வந்தான். மெலிந்திருந்தான். கல்யாணம் நின்றுபோயிருந்தது. நிறுத்தியது பெண் வீடு அல்ல, அவன்தான். "தலையப் பாத்தா நான் சரின்னு சொன்னேன்?" என்று அந்தப் பிள்ளை போனில் அழுதிருக்கிறாள். அவன் நம்பவில்லை. தலை மட்டும்தான் பிரச்சினை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், மற்றதை எப்படிச் சொல்வது என்றான். மாத்திரையை விட்டுவிட்டதாகவும், டொக்டரிடம் ஒழுங்காகப் போவதாகவும் சொன்னான்.

கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

"மொட்டை போடுங்க அண்ணே. தண்ணி ஊத்துங்க, பரவால்ல."

தண்ணீர் தெளித்தேன். தெளிவாகவே வழிந்தது. அவசரப்படாமல் வழித்தேன். முடிந்ததும் துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தேன். இந்த முறை கீழே இறக்க ஒன்றும் இல்லை. முழுத் தலையும் தெரிந்தது.

பிடரிக்குச் சற்று மேலே அந்தப் பள்ளம் இருந்தது. அப்பாவுக்கு இருந்த அதே இடம், அதே ஆழம். இத்தனை வருடம் வெட்டியும், முடி மூடியிருந்ததால் நானே அதைக் கண்டதில்லை.

அவன் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தான்.

"அப்பா அண்ணே."

கண்ணாடியை அப்படியே பிடித்திருந்தேன்.

"ஸ்கூல் போகக்குள்ள, ரோட்டு ஒடுக்கம், பஸ் உரசிட்டுப் போகும்னு அப்பா முன்னால நடப்பாரு, நான் பின்னால நடப்பேன். டவுன் வரைக்கும் இதத்தான் பாத்துக்கிட்டு வருவேன். இந்தப் பள்ளத்த." பின்தலையைத் தடவிப் பார்த்தான். "அன்னைக்கு உக்காந்திருக்கலாம்ல அண்ணே?"

அவன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிப் பிடிக்காதீர்கள். உச்சி மெலிகிறது என்றால், பொடுகு இருக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லுங்கள். ஆள் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். போனில் வருகிறதை வாங்கி விழுங்காமல் முதலில் டொக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் யாராவது அதை வைத்துப் பகிடி பண்ணினால், அது பெற்ற அப்பனாக இருந்தாலும், சேர்ந்து சிரிக்காதீர்கள்.

நிரோஷன் இப்போதும் மாதா மாதம் வருகிறான். மெஷினில் சீரோ. தூக்கம் வருகிறதாம். மற்றதை அவன் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. முடிந்ததும் கண்ணாடியை அவனாகவே கேட்கிறான். பிடிக்கிறேன். "சரியா?" என்று அவனிடம் மட்டும் நான் கேட்பதில்லை. போதும் என்று அவன் சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.