வெளியே இருந்த உறுப்பினர்

ஊதாப் பென்சில் கோடு, வெட்டுப்பட்ட காலின் மாவு அச்சில் பதிந்திருந்தது. முட்டிச் சில்லுக்குக் கீழே, அந்தக் கோட்டுக்குள் மட்டும், கைகள் அரத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தன. மூன்று இழுப்பு, ஒரு தடவல். மறுபடி மூன்று இழுப்பு. வெள்ளைப் பொடி மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது. முன்னெலும்பு ஓடும் இடத்தில் அரம் படவே இல்லை. அங்கே ஈர மாவை விரலில் எடுத்துப் பூசி, மேடாக்கி, நனைத்த துணியால் வழித்தன. எலும்பு அழுத்தம் தாங்காது. முட்டிக்குக் கீழே இருக்கும் நார் தாங்கும். தாங்குகிற இடத்தில் அச்சைக் குறைக்க வேண்டும், தாங்காத இடத்தில் கூட்ட வேண்டும். பிறகு இதன்மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்தினால், மிச்சக்கால் போய் உட்காரும் கிண்ணம் கிடைக்கும்.

"தலைவர் காலை நல்லா பிடிச்சுட்டீங்க போல, போர்டு மெம்பர்," என்றார் மாவுக்காரர். வாளியில் மாவு கரைப்பது அவர் வேலை. வாயும் அதே வேகத்தில் கரைத்துக்கொண்டிருக்கும்.

"பிடிச்சாத்தான் செய்ய முடியும்."

"நானும் அதான் சொல்றேன். ஊரே அவர் காலைப் பிடிக்கக் காத்திருக்கு. உங்க மடியிலயே வந்து விழுந்திருக்கு."

அச்சு உண்மையிலேயே தலைவருடையதுதான். நாலு மாதத்துக்கு முன் சர்க்கரை நோய் அவருடைய இடதுகாலை முட்டிக்கு ஒரு சாண் கீழே வாங்கிக்கொண்டது. காலில்லாதவர்களுக்கு இலவசமாகக் கால் செய்து கொடுக்கும் சங்கத்தின் தலைவருக்கே கால் போனது. அதைச் சொல்லிப் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. ஆனால் அந்த வாரம் எல்லோரும் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை பார்த்தார்கள்.

அரம் பிடித்தவரைக் கால்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் லாரி ஏறி வலதுகால் போய், இதே பட்டறைக்குக் கால் வாங்க வந்தவர். கொடுத்த கால் கடித்தது. வீட்டில் சமையல் கத்தியும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் கிண்ணத்தைச் செதுக்கி, தனக்குச் சரியாக்கிக்கொண்டார். பிறகு, செய்தவர்களிடமே கொண்டுவந்து எங்கே தப்பு என்று காட்டினார். முதலில் திட்டினார்கள், மறுவாரம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. நடக்கிறவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். எலும்பு பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அகராதியோடு நாலு வருஷம் படித்தார்.

நிர்வாகக் குழுவுக்கு அவர் வந்தது தானாக நடந்த காரியம். மூன்று வருஷத்துக்கு முன், உதவி செய்கிற வெளியூர் அமைப்பொன்று, பயனாளி ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று கடிதம் எழுதியது. பயனாளி வேண்டும்; பக்கத்திலேயே இருக்க வேண்டும்; கூப்பிட்டால் வர வேண்டும்; அதிகம் பேசக்கூடாது. கூட்டம் நடக்கும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கால்காரர் தெரிந்தார்.

அவர்கள் எதிர்பார்க்காதது, அவர் துணைவிதிப் புத்தகத்தையும் எலும்புப் புத்தகம் போலவே படிப்பார் என்பது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே காகிதங்கள் கைக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறதே, ஏன் வரவில்லை என்று இரண்டாவது கூட்டத்திலேயே கேட்டார். போன கூட்டத்தின் மினிட்ஸில் நடக்காத விவாதம் ஒன்று நடந்ததாக இருக்கிறதே என்று மூன்றாவதில் கேட்டார். செயலாளர் அதன்பின் அவரைப் பார்த்தால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தச் செயலாளரின் மருமகன் சங்கத்துக்கு விற்ற சக்கர நாற்காலிகள் ஒரே மாதத்தில் முன்சக்கரம் கழன்று, ஒரு கிழவர் வாசற்படியில் பல் உடைத்துக்கொண்டார். கால்காரர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு புது விதி எழுதினார். 'உறுப்பினருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ ஆதாயம் உள்ள பொருள் விவாதத்துக்கு வரும்போது, அந்த உறுப்பினர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.' பதினோரு தடவை அடித்து எழுதினார்.

குழுவில் இருந்த வக்கீல் அதை வாங்கிப் படித்து, 'பேஷ்' என்று பாராட்டினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"குடும்பத்தாருன்னு போட்டா எங்க போய் நிக்கும்? சம்பந்தி, சகலை, ஓரகத்தின்னு போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் கூட்டத்துல உட்கார ஆள் இருக்காது. 'உறுப்பினருக்கு நேரடியா ஆதாயம் இருந்தா'ன்னு வைங்க. இன்னைக்கே நிறைவேத்திடலாம்."

கால்காரர் யோசித்தார். ஒன்றுமே இல்லாததற்கு இதுவாவது இருக்கட்டும் என்று தலையாட்டினார். கை தட்டி நிறைவேற்றினார்கள். தலைவர் தோளில் தட்டி, "இவர் மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்," என்றார். மாடியில் 'நீங்க', 'இவர்' என்பார். பட்டறைக்கு இறங்கி வந்தால் 'நீ'.

இதோ இன்றைய கூட்டத்தில் ஆறாவது பொருள், பட்டறை. பட்டறையை மூடிவிட்டு, பெட்டியில் வரும் தயார் கால்களை முகாம் போட்டுக் கொடுக்கலாம் என்பது தலைவரின் யோசனை. மூன்று அளவு, வார் போட்டு இறுக்கிக்கொண்டால் போதும், ஒரே நாளில் இருநூறு பேர். பெட்டியை அனுப்பும் கம்பெனி தலைவருடைய மைத்துனருடையது.

கால்காரர் பதினைந்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். குழுவில் ஏழு பேர். டாக்டரம்மா பட்டறை பக்கம். ரிட்டயரான தலைமையாசிரியை பட்டறை பக்கம். பொருளாளரின் அப்பா கடைசிவரை இந்தப் பட்டறைக் காலில்தான் நடந்தார்; அவரும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தலைவர், செயலாளர், வக்கீல். கால்காரரையும் சேர்த்தால் நாலுக்கு மூன்று.

காலையில் கிளம்பும்போது மனைவி அதையே கேட்டாள். மிச்சக்காலுக்குப் போடும் பருத்தி உறைகளைப் பட்டறைக்குத் தைத்துக் கொடுப்பவள் அவள். "நாலு பேர்ங்கறது உங்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்த்துதான்."

"அப்போ காய்ச்சல், தலைவலின்னு படுத்துறாதீங்க. போய் வாயைத் திறக்காம கையை மட்டும் தூக்கிட்டு வாங்க. உங்களுக்கு நியாயம் பேசற வியாதி இருக்கு."

"அரம் பிடிக்கற கை. தூக்கத் தெரியும்."

கூட்டம் மணியடித்தாற்போல் தொடங்கியது. தலைவர் சக்கர நாற்காலியில் மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தார். ஐந்து பொருள் முடிந்தது. ஆறாவதைச் செயலாளர் வாசித்தார். வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"விவாதத்துக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். பட்டறையில சம்பளம் வாங்கற ஒருத்தர் நம்ம குழுவில இருக்கார். புது விதிப்படி அவர் வெளியே இருக்கணும் இல்லையா."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரைப் பயனாளின்னுதான் எடுத்தோம்," என்றார் தலைமையாசிரியை.

"பயனாளிதான் மேடம். சம்பளமும் வாங்கறார்."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "அப்படின்னா தலைவரும் வெளியே போகணும். பெட்டி யாரோட கம்பெனியிலேர்ந்து வருது?"

"என் மச்சான் கம்பெனி," என்றார் தலைவர், மறைக்க ஒன்றுமில்லாதவர் போல. "நான் அதுல பங்குதாரர் இல்லை. விதி என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படறேன். விதியை எழுதினவர் இங்கேயே இருக்கார். அவரையே கேட்டுடுவோம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் துணைவிதிப் புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, கால்காரர் முன்னால் தள்ளினார். குரலில் தேன் சொட்டியது. "நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் ஏத்துக்கறேன்."

கால்காரர் படித்தார். மனப்பாடமாகத் தெரிந்ததையே இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாகப் படித்தார். தலைமையாசிரியை மேசைக்கு அடியில் அவர் சட்டையை இழுத்து, "எழுந்துக்காதீங்க, உட்கார்ந்தே இருங்க," என்று முணுமுணுத்தார். உட்கார்ந்திருந்தால் இழுத்து வெளியே போடப் போவதில்லை யாரும். அவருக்கு அது தெரியும். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் இல்லாத அளவை இருப்பதாகச் சொல்லி ஒரு கிண்ணம்கூட அவர் போட்டதில்லை.

"நேரடியான்னுதான் இருக்கு," என்றார். "மச்சான் நேரடி இல்லை. நான் நேரடி."

எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். செயற்கைக் கால் தரையில் கொஞ்சம் பலமாக விழுந்தது. கதவு வரை ஒன்பது அடி.

வெளியே ஒரு மரப்பெஞ்சி. கதவில் மங்கல் கண்ணாடி. உள்ளே உருவங்கள் அசைவது தெரியும், யார் என்று தெரியாது. டாக்டரம்மா குரல் உயர்ந்தது, தணிந்தது. யாரோ சிரித்தார்கள். கேண்டீன்காரர் தட்டில் டீயோடு வந்தார். எண்ணிக்கொண்டே வந்தவர் பெஞ்சியைப் பார்த்து நின்றார்.

"உள்ள ஆறுன்னாங்க. நீங்க ஏழு இல்லையா?"

"ஆறுதான். கொண்டு போங்க."

"உங்களுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரட்டா?"

"வேணாம். நான் கூட்டத்துல இல்லை."

டீ உள்ளே போனது. வாக்கெடுப்பு மூன்றுக்கு மூன்று என்று வந்தது. சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்பது பழைய விதி. அதை மாற்ற வேண்டும் என்று கால்காரர் இதுவரை நினைத்ததே இல்லை. அவருடைய கணக்கில் சமம் வரவே வராது.

அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் செயலாளர் மினிட்ஸை வாசித்தார். மாத இறுதியோடு பட்டறை மூடப்படும். 'நல்ல நிர்வாகத்துக்கு எடுத்துக்காட்டாகத் தாமே முன்வந்து அறையைவிட்டு விலகி இருந்த உறுப்பினருக்கு இக்குழு தனது பாராட்டைப் பதிவு செய்கிறது.' எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பெயருக்கு எதிரே 'ஆறாம் பொருளின்போது வெளியே' என்று அடைப்புக்குள் இருந்தது. அது சரியாகவே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவரும் கையெழுத்திட்டார்.

மனைவி விஷயத்தைக் கேட்டு, ஊசியில் நூல் கோத்து முடித்தபிறகுதான் பேசினாள். "கதவைச் சாத்திட்டாவது வந்தீங்களா, இல்லை அதுக்கும் விதி இருக்கா?"

முதல் பெட்டி அடுத்த வாரமே வந்தது. பழைய காலைச் சரிபார்க்க வந்த காய்கறிக்காரம்மாவைச் செயலாளர் அதிலிருந்த கால்களின்மேல் நிறுத்தினார். சின்னது ஏறவில்லை. பெரியது கழன்றது. நடுவில் இருந்ததை வார் போட்டு இறுக்கி, ஒரு போட்டோ எடுத்து, நடக்கச் சொன்னார்கள். அந்தம்மா பட்டறை வாசல் வரை நடந்து வந்து, உறையைக் கழற்றிக் கால்காரரிடம் காட்டினாள். எலும்பு படும் இடத்தில் அது ரத்தத்தில் வட்டமாக நனைந்திருந்தது.

"பழசையே குடுங்கய்யா. துணி சுத்திப் போட்டுக்கறேன்."

"அதை வாங்கிக்கிட்டாங்களா?"

"பழசைக் குடுத்தாத்தான் புதுசுன்னாங்க. வண்டியில போட்டுட்டாங்க."

அவர் ரத்தம் பட்ட உறையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மனைவி தைத்ததில் புதிதாக இரண்டை எடுத்துக் கொடுத்தார். கொடுக்க வேறு ஒன்றும் இல்லை.

மாதக் கடைசி நாள் தலைவர் புதுக் காலை வாங்கிக்கொள்ள வந்தார். பட்டறையில் அரங்களும் அடுப்பும் மூட்டை கட்டியாகிவிட்டது. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி நடக்கவைத்தார் கால்காரர். போனார், திரும்பினார், வந்தார். தலைவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"எங்கயாவது கடிக்குதாங்க?"

"இருக்கறதே தெரியலை. சும்மா சொல்லக்கூடாது, உன் கை கைதான்யா."

"குதிகால்ல ஒரு நூல் உயரம் இருக்கு. கழட்டுங்க, எடுத்துடறேன்."

தலைவர் பெஞ்சியில் உட்கார்ந்து கழற்றிக் கொடுத்தார். கால்காரர் உப்புத்தாளை எடுத்தார். குனிந்துகொண்டே சொன்னார். "ஆறு மாசத்துல மிச்சக்கால் இளைக்கும். எல்லாருக்கும் இளைக்கும். அப்போ இந்தக் கிண்ணம் லொடலொடன்னு ஆடும். புதுசா அச்செடுக்கணும்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்," என்றார் தலைவர். "பட்டறை இல்லைன்னா நீ சும்மாதானே இருப்பே. என் வீட்டுக் கார் ஷெட்டு காலியா கிடக்கு. அங்க வந்துடு. எனக்கு மட்டும் பார்த்துக்கோ."

மாவுக்காரர் மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், முடிச்சில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார்.

கால்காரர் குதிகாலைத் தடவிப் பார்த்தார். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி தடவினார். இப்போது சரியாக இருந்தது. ஈரத்துணியால் கிண்ணத்தின் உள்ளும் புறமும் துடைத்து, வாரின் கொக்கியைத் திருப்பி நேராக்கினார்.

"எதுக்குங்க அந்தச் சிரமம். மச்சான்கிட்ட மூணு சைஸ் வருது," என்றார். "நடு சைஸ் உங்களுக்கு. நான் அளந்து வச்சிருக்கேன்."

தலைவர் ஒற்றைக்காலோடு பெஞ்சியில் இருந்தபடி கையை நீட்டினார். கால்காரர் இரண்டு கைகளாலும் பிடித்து, பாதம் அவர் பக்கம் பார்க்கும்படி திருப்பி, காலைக் கொடுத்தார்.