தண்ணீர் அரைத்த மிக்ஸி

இருமல் வந்தால் விசில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். தோள் இரண்டும் குலுங்கும், சத்தம் வராது. வந்ததை உள்ளேயே விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல முகத்தைத் திருப்புவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களாக அவர் மனைவி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அடுத்தவர் காதுபட இருமித் துப்புவதென்றால் மனிதருக்கு உயிரே போய்விடும்.

பள்ளிக்கூட முன்வாசலில் வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை கடக்கவைப்பது அவர் வேலை. நுரையீரலில் நாள்பட்ட சளி கட்டிக்கொண்டதில் விசில் வரவர முனகலாகிப் போனது. மாதக் கடைசிக்குள் சத்தம் தேறாவிட்டால் பின்வாசலுக்கு மாற்றிவிடுவதாகப் பள்ளி மேலாளர் சொல்லிவிட்டார். பின்வாசலில் பிள்ளைகளே கிடையாது, குப்பை வண்டிதான் வரும். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு பொடி கொடுத்தார். கெட்டிச் சளியை அது இளக்கும், இளகி வருவதை அடக்காமல் இருமித் துப்பிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். இவர் பொடியைக் குடித்தார், சுவர்ப் பக்கமும் திரும்பினார். இரண்டு வாரம் போயிற்று. விசில் அப்படியேதான் இருந்தது. மருந்து சரியில்லை என்றார்.

"ஏங்க, மருந்து அதைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விடுது. நீங்க தாழ்ப்பாளைப் போட்டா அது என்ன பண்ணும்?"

"கீழ்வீட்டுக்காரங்களுக்குக் கேக்குமே."

மறுநாள் காலை அவர் குளியலறைக்குள் போனதும் அவள் மிக்ஸியில் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டாள். வீடே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் அவர் முதன்முறையாக வாய்விட்டு இருமினார். மிக்ஸி சூடாகி நின்றால் அவரும் நின்றார், ஓடினால் தொடர்ந்தார். நாலாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது:

"இன்னும் கொஞ்சம் வேகமா வை."

மாதக் கடைசியில் மேலாளர் வாசலுக்கு வந்து நின்றார். விசில்காரர் ஊதினார். லாரி ஒன்று பிரேக் போட்டு நின்றது, மேலாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"இங்கேயே நில்லுங்க. ஆனா நான் பக்கத்துல நிக்கிறப்ப ஊதாதீங்க."

கீழ்வீட்டுக்காரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒருநாள் விசில்காரர் மனைவியைப் படியில் மடக்கிக் கேட்டேவிட்டாள்.

"தினமும் அப்படி என்னக்கா அரைக்கிறீங்க? ஒருநாள்கூட வாசனை வரலையே?"

"அவருக்கு மருந்து" என்று சொல்லிவிட்டு இவள் விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டாள்.

நோய் முழுக்கப் போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொடி தொடர்கிறது. காலையில் கால்மணி நேரம் மிக்ஸி ஓடுகிறது. விசில்காரர் முன்வாசலில்தான் நிற்கிறார்.