ஐந்து வரிக்குள் இனிப்பு நீர்

நிலவைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதக்கூடியவனிடம் சோற்றைப் பற்றி ஐந்து வரிக்குள் எழுதச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன். அப்போது வேறு வேலை இல்லை.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில் அவர்களுடைய சிறிய அலுவலகம் இருந்தது. மல்லிகை வாசம் படியேறி வந்து ஏர்கோன் குளிரில் செத்துப்போகும். தோட்டப்புறங்களில் இருப்பவர்களுக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வருவதற்கு முன்பே தடுக்க, கைப்பேசிக்குத் தினமும் ஒரு செய்தி அனுப்புவது அவர்களுடைய திட்டம். கிளினிக் தாதியான மிஸ்ஸி இரத்தம் எடுத்துப் பார்த்து, இன்னும் வரவில்லை, ஆனால் வரப்போகிறது என்று யாரிடமெல்லாம் உதட்டைப் பிதுக்கினாரோ, அவர்கள்தாம் என் வாசகர்கள். திட்டத்தை நடத்திய பெண்மணி மூன்று விதிகள் சொன்னார். திரையை நகர்த்தாமல் படித்து முடிக்க வேண்டும். பயமுறுத்தக் கூடாது. யார் எழுதுகிறார்கள் என்று சொல்லக் கூடாது.

"சிம்பிளா இருந்தா போதும் லா சார்," என்றார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத ஒன்று.

அந்த வாசகர்களில் ஒருத்தி என் அக்கா. கிள்ளானைத் தாண்டி, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். முந்தைய வாரம்தான் போனில் சொல்லியிருந்தாள்: "மிஸ்ஸி என் நம்பர எழுதிக்கிட்டா. மூணு மாசம் கழிச்சி மறுபடி ரத்தம் பாக்கணுமாம். கொறையலன்னா மாத்திரையாம்." சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விட்டாள். எங்கள் அம்மாவுக்கும் மாத்திரையில்தான் ஆரம்பித்தது. முடிந்தது இடது பாதத்தில். பாதத்தை எடுத்த பிறகும் அப்பா ஜோடியாகத்தான் செருப்பு வாங்கிவந்தார். கடையில் ஒற்றையாகத் தருவதில்லை.

நான் சொன்னால் அக்கா கேட்கமாட்டாள். எனக்கு ஐம்பது ஆகிறது. அவளுக்கு நான் இன்னும் மழையில் நனைந்து வந்த பையன். ஆனால் பெயர் தெரியாத ஓர் எண்ணிலிருந்து வருவதை ஒருவேளை கேட்கலாம். மூன்றாம் விதி எனக்காகவே போட்டதுபோல் இருந்தது.

முதல் செய்தி: 'முழுநிலவு தேய்ந்து பிறையாவதுபோல் உங்கள் தட்டில் சோறும் தேயட்டும்.'

அரை மணி நேரத்தில் அது எனக்கே திரும்பி வந்தது. அக்கா அனுப்பியிருந்தாள், ஒரு செம்பருத்திப் படத்தோடு. 'யாரோ அனுப்புறாங்க. ஒண்ணும் புரியல. ஒனக்குப் புரியும்.'

புரிந்தது என்று பதில் போட்டேன்.

அவள் தோட்டத்துக் கோயில் பெண்களின் புலனக் குழுவுக்குத் தலைவி. புலனம் என்று அச்சில் எழுதுகிறோம், வாயில் வாட்சாப்தான். காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரு செம்பருத்திப் படம் அனுப்புவாள்; வந்தது எதுவும் அவள் கையிலிருந்து தப்பாது, குழுவுக்குப் போய்விடும். குழுவிலிருந்த பெண்கள் பலருக்கும் நேராகவே வந்துகொண்டிருந்த என் செய்திகள் அவள் கையாலும் மறுபடி குழுவுக்குள் போயின. இரண்டாவது வாரம், தேத்தண்ணியில் கெட்டிப்பாலை ஒரு கரண்டி குறைத்துவிட்டதாக அவளே சொன்னாள். மாலையில் பாலம் வரை நடக்கிறாளாம். "எவனோ சொல்றான். செஞ்சி பாப்பமேன்னு," என்றாள். அந்த எவனோ அன்றிரவு நன்றாகத் தூங்கினான்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று மாலை ஏழு மணிக்குப் போகும்படி இதை எழுதியிருந்தேன்: 'இனிப்பை நீட்டும் கையிடம் புன்னகையோடு வேண்டாம் என்று சொல்லுங்கள்.' எழுதும்போது என் மனத்தில் இருந்தது ஏதோ ஒரு கல்யாண வீடு. ஆனால் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அந்தத் தோட்டத்தில் இனிப்பை நீட்டும் கை ஒன்றுதான். அது பூசாரியுடையது. சர்க்கரைப் பொங்கல் கரண்டியோடு அவர் வரிசையின் நடுவில் வந்தபோது, எல்லாப் பெண்களின் கைப்பைகளும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டனவாம். பிரசாதத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்கும் இலையில் மடித்து வீட்டுக்குப் போகும். அதே கோயிலில் கை நீட்டி வளர்ந்தவன் நான். பிரிக்பீல்ட்ஸ் மாடியில் மறந்துவிட்டிருந்தேன்.

குழுவில் நடந்ததை அக்கா படம் பிடித்து அனுப்பினாள்.

'சாமி குடுக்கறத வேணாம்னு சொல்லணுமாம்.'

'கரெக்டா ஏழு மணிக்கு அனுப்பறான். நாம இங்க நிக்கறது அவனுக்கு எப்பிடி தெரியும்?'

'ஸ்கேம் லா இது. அடுத்தது பேங்க் நம்பர் கேப்பான்.'

கடைசியாக என் அக்கா: 'எல்லாரும் பிளாக் பண்ணிடுங்க. நான் பண்ணிட்டேன். அவனுக்காகவே இன்னிக்கு ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டேன்.'

திங்கட்கிழமை பெண்மணி கணினியைத் திருப்பிக் காட்டினார். "ஒரு தோட்டமே காணாமப் போச்சி சார்."

"லைன் பிரச்சினையா இருக்கும்," என்றேன்.

அடுத்த வாரம் போனில், கெட்டிப்பால் கரண்டி திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்தது. பாலம் வரை நடப்பதும் நின்றிருந்தது. மூன்று மாதத்தில் பாதி போய்விட்டது. சனிக்கிழமை கிள்ளானுக்கு இரயில் ஏறி, அங்கிருந்து டெக்சி பிடித்துப் போனேன். இரு பக்கமும் செம்பனை, வரிசை மாறாமல், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவன் கைபோல. அக்கா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஸ்கேம் நான்தான்."

அவள் கை நிற்கவில்லை. "எது?"

"தெனமும் வந்த மெசேஜ். வெள்ளிக்கெழம வந்ததும்."

"நெலாவும் நீதானா?"

"ஆமா."

"அதான பாத்தேன். இவ்ளோ சுத்தி வளைச்சி எவன் ஏமாத்துவான்?" இன்னும் நான்கு தலைகள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

நானும் உட்கார்ந்து ஒரு நெத்திலியை எடுத்தேன்.

"அம்மாவுக்கும் மாத்திரையிலதான் அக்கா ஆரம்பிச்சிச்சி."

"எனக்கு தெரியாதா? அம்மாவோட செருப்புப் பொட்டிய நான்தான வெச்சிருக்கேன். எடது காலு செருப்பு மட்டும் நாலு இருக்கு, புதுசா. தூக்கிப் போடவும் மனசு வரல."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஒற்றை விரலால் தட்டினாள். நான் தோள்வழியே படித்தேன். 'பிரசாதத்த யாரும் வேணாம்னு சொல்லாதீங்க. ஒரு விரல்ல எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டு சாப்டுங்க. சாமி அளவு பாக்காது, மிஸ்ஸி அளவு பாப்பா. இனிப்பு நீர் வந்தா காலு போயிடும்.'

நான்கு வரி.

"அந்தக் கடைசி வரிய எடுத்துடு அக்கா. பயமுறுத்தக் கூடாதுன்னு விதி."

"யாரு போட்டது?"

"ஆபிஸ்ல."

"அவங்க அம்மாவுக்கு ரெண்டு காலும் இருக்கும்," என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி கரண்டியோடு அவள் முன்னால் வந்தபோது கோயில் முழுவதும் அவளுடைய உள்ளங்கையைத்தான் பார்த்ததாம். ஒரு விரலை நீட்டினாள். பூசாரி கொஞ்சம் யோசித்து, ஒரு விரலுக்கு உண்டானதை வைத்தார். பின்னால் நின்ற பெண்களும் விரலை நீட்டினார்கள்.

"எல்லாரும் என் வாயவே பாத்துக்கிட்டு இருக்காளுங்கடா," என்று போனில் குறைப்பட்டாள். "பால் கொறச்சாச்சான்னு கேக்கறா ஒருத்தி. பாலத்துல நின்னுக்கிட்டு கூப்புடறா இன்னொருத்தி. நிம்மதியா ஒரு கோரெங் பீசாங், ஒரு துண்டு பொரிச்ச வாழப்பழம், திங்க முடியல."

அலுவலகக் கணினியில் அந்தத் தோட்டம் கடைசிவரை காணாமல் போனதாகவே இருந்தது. மற்றத் தோட்டங்களுக்கான வரிகளை நான் முதல்நாளே அக்காவுக்கு அனுப்புவேன். காலையில் அவள் நிலவை எடுத்துவிட்டுச் சோற்றை வைத்துத் திருப்பி அனுப்புவாள். கடைசி வரிகளை மட்டும் விதிக்காக நான் வெட்டுவேன். "இப்பதான் சார் உங்க தமிழ் நல்லா இருக்கு," என்றார் பெண்மணி. நன்றி சொன்னேன்.

மறுபடி இரத்தம் பார்க்கும் நாளில், எதையும் எழுதாமல் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குச் செம்பருத்தி வரவில்லை. ஒன்பதுக்கும் பத்துக்கும் ஒன்றும் இல்லை. கீழே மாலை கட்டுகிறவர் என்னை இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். பதினொன்றரைக்கு ஒரு குரல்பதிவு வந்தது.

"மிஸ்ஸி பேப்பரப் பாத்துட்டு மறுபடியும் ஒதட்டப் பிதுக்கினா. மாத்திரதான்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா அவ மொகமே அப்பிடித்தான்டா. கொறஞ்சிருக்காம். மாத்திர வேணாமாம். ஆறு மாசம் கழிச்சி வரணும்." பின்னணியில் யாரோ ஓர் எண்ணைக் கூப்பிட்டார்கள். "சரி, நீ எப்ப ரத்தம் பாக்கப் போற? எனக்கு மட்டுமா அம்மா?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. படம் இல்லை.

'எந்திரி. நட.'

இதற்கு நான் ஐந்து வரி எடுத்திருப்பேன். எழுந்து இரயில் நிலையம் வரை நடந்தேன். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, தே ஓ கோசோங் ஒன்று வாங்கிப் படம் பிடித்து அனுப்பினேன்.

படத்தின் ஓரத்தில் இருந்த, எண்ணெயில் பொரித்த கறிபாப்பைப் பற்றிப் பதில் வந்தது.