சந்தனம் பூசிய நீள வாள்

சிறுவயதில் நான் என்னை ஒரு துப்பறிவாளன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் ஒழுங்காக நோட்டில் எழுதிவிட்டு, தப்பான முடிவுக்கு மட்டும் வந்து சேரும் அபூர்வத் திறமை என்னிடம் இருந்தது. அதை வைத்துச் சித்தப்பாவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில், டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இரண்டு படுக்கையறை அப்பார்ட்மெண்ட். ஒன்றில் அப்பா அம்மா, மற்றதில் நானும் அப்பாவின் தம்பியும். சித்தப்பாவுக்கு டெலிகாம் கம்பெனியில் வேலை. வாரநாளில் பரம சாது. சனிக்கிழமை காலையானால் நீளமான பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, லைப்ரரி என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். மதியம் திரும்பும்போது கட்டைவிரல் வீங்கியிருக்கும், முன்கை நீலமாகக் கன்றியிருக்கும். புத்தகம் படித்து இப்படி அடிபட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம். அம்மா, வெள்ளைக்காரப் பெண் என்றாள். வேலை போய்விட்டது, எங்கோ மூட்டை தூக்குகிறான் என்பது அப்பாவின் கட்சி. எனக்கோ, ஏதோ ஒரு கும்பல் அவரைப் பிடித்துவைத்து வாராவாரம் அடிக்கிறது என்று பட்டது. ஆதாரமும் இருந்தது. அவர் தலையணைக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. இறுக்கமான கால்சட்டை போட்ட பழைய காலத்து ஜெர்மன்காரர்கள் இரண்டு கையாலும் வாளைப் பிடித்து ஒருவர் கழுத்தை ஒருவர் குறிபார்க்கும் படங்கள். ஓரத்தில் சித்தப்பாவின் கையெழுத்து: ‘தோள் தளரட்டும். வலக்கால் முன்னே.’

ஒருநாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்து, நுனியைத் தரைக்குத் தாழ்த்தி, ஒன்றும் தெரியாத அப்பாவி போல நின்றுகொண்டிருந்தார். அந்த ஜெராக்ஸில் இருந்த அதே நிலை.

“வாட் ஆர் யூ டூயிங், சித்தப்பா?”

“எறும்புடா கண்ணு” என்று பெருக்க ஆரம்பித்தார்.

நோட்டில் எழுதினேன்: ‘எறும்பு இல்லை.’

அந்த அக்டோபரில் அவருக்கு ஒரு வரன் வந்தது. யாரோ சொன்னதாகச் சித்தப்பாவே கொண்டுவந்த வரன். பக்கத்து ஊரான ஆலனில் வீடு, ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள், அம்மா இல்லாத பெண். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பற்றி டல்லாஸ் முழுக்க போன் போட்டு விசாரித்துவிட்டார். அதற்குமேல் வீட்டையும் ஒருதரம் பார்க்கவேண்டும் என்றார். ஆயுத பூஜையன்று வரச்சொன்னோம். நல்லநாள், சனிக்கிழமை வேறு. அன்று காலையும் சித்தப்பா ‘லைப்ரரி’க்குப் போய்வரத் தவறவில்லை.

சாம்பிராணிப் புகைக்குப் பயந்து ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டிவிட்டு, “அவங்கவங்க வேலை செய்யற சாமானைக் கொண்டாந்து வைங்க” என்றாள் அம்மா. அப்பா லேப்டாப்பை வைத்தார், அம்மா மிக்ஸியை, நான் ஸ்கூல் பையை. சித்தப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூளை வேலை செய்தது. உண்மையை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க இதைவிட நல்ல சமயம் ஏது?

குளோசட்டில் சூட்கேசுகளுக்குப் பின்னால் அந்தப் பை. உள்ளே கம்பிவலை முகமூடி, தடித்த கையுறை, அப்புறம் என் தோள் உயரத்துக்கு ஒரு வாள். கார் ஆயில் வாசனை அடித்தது. இழுத்துவந்து மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடத்தி, சாணுக்கு ஒன்றாகச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்தேன். ஈரச் சந்தனத்தில் குங்குமம் வழிந்து, இப்போதுதான் யாரையோ வெட்டிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அதேநேரம் காலிங்பெல். பெண்ணும் அவள் அப்பாவும்.

பெண்ணின் அப்பா நேராகப் பூஜைக்கு வந்து கும்பிட்டவர், கும்பிட்ட கையைப் பிரிக்கவே இல்லை.

“ஏனுங் தம்பி, இது என்னங்?”

சித்தப்பா முகத்தில் ரத்தமே இல்லை. “எக்சர்சைஸ்ங்க அங்கிள். பழைய புத்தகத்தைப் பாத்து, பார்க்குல நாலு பேரு சேந்து...”

“எக்சர்சைஸா? ஆளை வெட்டறதா?” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “கெளம்பு கண்ணு.”

அந்த அக்கா கிளம்பவில்லை. குனிந்து வாளை எடுத்தாள். கட்டைவிரலை வாளின் தட்டைப்பக்கத்தில் படுக்கவைத்துப் பிடித்து, கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தாள். “ஈரம்ப்பா. துரு பிடிச்சிரும்.” பிறகு தாம்பாளத்து வாழைப்பழத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பழம் நசுங்கியது, வெட்டுப்படவில்லை. “பாருங்க, மொக்கை. நம்ம வீட்டுத் தோசைக்கரண்டி இதைவிடக் கூரு.”

அவர் விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். “வாழப்பழம் வெட்டாத கத்திக்கு எதுக்குங் தம்பி இத்தனை ரகசியம்?” என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிப்போய்க் காபி போட்டாள்.

அவர்கள் போனபிறகு சித்தப்பா என்னைத் திட்டவில்லை. வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதுவும் சந்தேகமாக இருந்தது, எழுதிக்கொண்டேன். அக்கா துடைக்கும்போது வளையல் நழுவியதையும், மணிக்கட்டில் புத்தம்புது நீலக் கன்றலையும் நான் விடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கம் இன்றும் இருக்கிறது: ‘சித்தப்பாவை அடிக்கும் கும்பல் அக்காவையும் அடிக்கிறது. பாவம், இருவரும் இன்றுதான் முதல்முறை சந்திக்கிறார்கள். எச்சரிக்க வேண்டும்.’

கல்யாணம் நடந்து, நான் காலேஜ் சேர்ந்தபிறகு ஒரு லீவில், அவர்கள் வீட்டுப் பின்கட்டில் சித்தி எனக்கு முகமூடியின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு எதிரே போய் வாளை ஏந்தி நின்றாள், கட்டைவிரல் அதே தட்டைப்பக்கத்தில். அப்போதுதான் உறைத்தது.

“சித்தி, அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை சித்தப்பாவ அடிச்ச அந்தக் கும்பல்...?”

“கும்பலெல்லாம் இல்ல, நான் மட்டுந்தான்.”