கூரையில் அழித்த சிவப்புக் குறிகள்

“காலை 9.40. கூரையில் இருந்த சிவப்புக் குறிகள் அழிக்கப்பட்டன.” சென்ற ஆண்டு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் என் குறிப்பேட்டில் நானே எழுதிய வரி இது.

மலேசியாவின் பேராக் கடலோரத் துறைமுகம் ஒன்றில், பழைய கிடங்கின் கூரைமேல் சோலார் பலகைகள் பொருத்திக்கொண்டிருந்தோம். ஈப்போவிலிருந்து போன குத்தகை நிறுவனத்தில் பாதுகாப்புப் பதிவுகள் என் பொறுப்பு. உப்புக்காற்றில் இற்றுப்போன தகரங்களைச் சுங்கை சிப்புட்காரர் ஒருவர் இரண்டு நாள் தட்டிப் பார்த்து, ஆள் பாரம் தாங்காதவற்றில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

மறுநாள் விருந்தினர் வருகிறார்கள், ட்ரோன் படத்தில் கூரை அசிங்கமாகத் தெரியும் என்று மேலாளர் எல்லாவற்றின் மேலும் சாம்பல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பெயிண்ட் டின்னை எடுத்துக் கொடுத்தவன் நான்.

“நான் என்ன கோலமாண்ணே போட்டு வெச்சிருக்கேன்? கால் வெச்சா ஆள் கீழ போயிருவான்லா” என்றார் குறி போட்டவர்.

“படம் எடுத்ததும் மறுபடி போட்டுக்கலாம்லா” என்றேன்.

படம் எடுத்தார்கள். குறி போட யாரும் நேரம் தரவில்லை. வியாழன் காலை, கேபிளை இழுத்தபடி பின்பக்கமாக நடந்த, குறி போட்ட அந்த மனிதரே தகரம் உடைந்து இடுப்புவரை உள்ளே போனார். பாதுகாப்புக் கயிறு மட்டும் இல்லையென்றால் கீழே சிமெண்டுத் தரைதான். தொடை கிழிந்திருந்தது.

அன்று மாலையே அறிக்கை தயார்: ‘தொழிலாளியின் கவனக்குறைவு.’ சாட்சியாக நான் கையெழுத்திட வேண்டும். அந்தப் பழி நின்றால் அவருக்கு இனி எவன் கூரை வேலை கொடுப்பான்? கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தார்.

“போடுங்கண்ணே, உங்களுக்கும் வேலை வேணும்ல. ஆனா நான் கவனமில்லாதவன்னு என் சம்சாரத்துக்கிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க.”

நான் கையெழுத்துப் போடவில்லை. என் குறிப்பேட்டுப் பக்கத்தை நகலெடுத்து, துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்தேன்.

“எழுதி எழுதியே நீ நாசமாப் போவ மச்சான்” என்றார் மேலாளர்.

‘கவனக்குறைவு’ நீங்கியது. குறிகளை அழிக்கச் சொன்னது யார் என்பது மட்டும் அறிக்கையில் ஏறவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதில் பாதி என்மேல்தான். நிமிடம் பிசகாமல் எழுதத் தெரிந்த எனக்கு, ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

இற்ற தகரங்களை எல்லாம் மாற்றிவிட்டதாக நிறுவனம் சொல்கிறது. ஏறிப் பார்த்த எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை, ஆகவே அதை உறுதி செய்யப்படாத தகவலாகவே எழுதி வைத்திருக்கிறேன்.