முன்கூட்டியே போட்ட வாய்க்கரிசி

இந்த ஊரில் சாவைப் பற்றிப் பேசக்கூட நேரம் குறித்துக்கொண்டுதான் வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, நல்ல நாளும் அதுவுமாக, மெல்போர்னில் இருக்கும் என் வீட்டுக்கு பீட்டர் என்பவர் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் ஷூ. சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பால் குறைவாகக் காபி கேட்டார். இறுதிச்சடங்கு நடத்தித் தரும் கம்பெனியின் ஆள் அவர். சாகப் போகிறவன் நான். அவரை வரவழைத்தவள் என் ஒரே மகள் நித்யா. அவளுக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. போவதற்குள் அப்பாவின் காரியத்தைப் பேசி முடித்துவிட வேண்டுமாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

பெட்டியின் நிறம், பூ, பாட்டு என்று பீட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வேறு ஏதாவது விசேஷமாக வேண்டுமா என்றார். "அரிசி வேண்டும்" என்றேன். "தாராளமாக. எத்தனை விருந்தினருக்கு?" என்றார். அவர்களிடமே சமையல் ஆட்கள் இருக்கிறார்களாம், கோழிக் குழம்புகூட வைப்பார்களாம். நித்யா சிரித்தாள். எனக்கு அம்மாவின் திறந்த வாய் ஞாபகத்துக்கு வந்தது.

1991இல் எங்கள் ஊரான வல்லம் வடகாலைச் சுற்றி இன்றைக்கு நிற்கிற கம்பெனிகள் கிடையாது. எங்கு பார்த்தாலும் நெல். டர்னர் வேலை படித்த எனக்கு அங்கே பிழைப்பு இல்லை. சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா என்னையும் அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குகிற உடம்பு. தன் சாவை எப்படி நடத்த வேண்டும் என்று, கல்யாணத்துக்குப் பந்தி போடச் சொல்வதுபோல் சொன்னாள்.

"மேளத்துக்கு வாலாஜாபாத் ஆளுங்க வேணாம். படப்பை செட்டு வெச்சிக்கோங்க. குடிச்சிட்டு வந்தாலும் அடி தப்பாது. எனக்கு அந்தப் பச்சைப் பொடவையக் கட்டுங்க. கொள்ளியப் பெரியவனே வெச்சிடட்டும்."

எங்கள் பக்கம் தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். "நான் வந்துடுவேம்மா" என்றேன்.

"நீ பிளேன் புடிச்சி வர்ற வரைக்கும் நான் நாறிக்கினு கெடக்கணுமா?" என்றாள். "மனசு கேக்கலன்னா ஒண்ணு பண்ணு. வாய்க்கரிசிய இப்பவே போட்டுட்டுப் போ."

யாரையாவது சபிக்கும்போதுதான் அந்த வார்த்தை வீட்டுக்குள் வரும். ஏதோ ஆத்திரத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளோ அண்ணனை அனுப்பி அரிசி எடுத்துவரச் சொன்னாள். பாயை விரித்துத் தெற்கே தலைவைத்துப் படுத்தாள். கண்ணை மூடவில்லை, வாயை மட்டும் திறந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். "போடுடா, கோழி பாத்துக்கினு கீது பாரு" என்றாள். கை நடுங்கப் போட்டேன். எழுந்து உட்கார்ந்து, பச்சரிசியை நறநறவென்று மென்று, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கினாள்.

"ஆச்சி. உன் வேல முடிஞ்சிது. கெளம்பு."

பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று கேட்பீர்கள். என்னைப் பெற்றவள் செய்தாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவள் வெகுகாலம் இருந்தாள். நான் சிங்கப்பூரிலிருந்து மெல்போர்னுக்குக் குடிமாறினேன். வயல்களெல்லாம் கம்பெனிகளாகி, அண்ணன் அதில் ஒன்றில் சூப்பர்வைசர் ஆனார். லீவில் ஊருக்குப் போய் அம்மாவுக்குச் சோறு போடப் போனால் தட்டை நகர்த்திக்கொள்வாள். "வாய்க்கரிசி போட்ட கையிடா அது. பெரியவன் போடட்டும்" என்பாள். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்துச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள்.

கடைசியில் அவளுக்கு முடியவில்லை என்று அண்ணன் போன் செய்தார். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நேரத்துக்குப் போயும் சேர்ந்தேன். அவள் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவன் நான்தான். அண்ணன் கம்பெனியில் ஓ.டி. பார்க்கப் போயிருந்தார்.

படப்பை செட்டு வந்தது. பச்சைப் புடவை கட்டினார்கள். எல்லாரும் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். நானும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் எப்பவோ போட்டுட்டியே. ஒருத்தன் ரெண்டு தரம் போடக் கூடாது. அம்மா கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருந்துச்சி."

"அது வெளையாட்டுக்குண்ணா."

"வெளையாட்டா? வரமாட்டன்னு தெரிஞ்சிதான போட்ட?"

வந்து நின்ற நான் அரிசிப் பிடியோடு வரிசையை விட்டு விலகினேன். கொள்ளியும் அவரே வைத்தார். சுடுகாட்டை ஒட்டி இப்போது ஒரு கம்பெனியின் மதில். அந்த நேரம் பார்த்து அங்கே ஷிப்ட் சங்கு ஊதியது. வேலை முடிந்து பஸ்ஸில் போன பிள்ளைகள் ஜன்னல் வழியாக எரிவதை எட்டிப் பார்த்தார்கள். என் பிடியில் அரிசி அப்படியே இருந்தது. மதில் ஓரமாக அதை உதறிவிட்டு வந்தேன்.

பீட்டர் இன்னும் விருந்தினர் கணக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் நித்யாவைக் கேட்டேன், "நான் போகும்போது நீ வந்துவிடுவாயா?"

"டிரை பண்றேன்ப்பா. ஆனா லண்டன்லேர்ந்து வர ஒரு நாள் ஆயிடுமே. இவங்க லைவ்ல காட்டுவாங்களாம்." பீட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் லைவ் என்ற சொல் காதில் விழுந்ததும், படம் மிகத் தெளிவாகத் தெரியும் என்றார்.

எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு பிடி அரிசி எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். "இதை என் வாயில் போடு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் கலாச்சாரம் என்று பீட்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சமாளித்தாள். நான் வாயைத் திறந்தேன். லண்டனுக்குப் போகமாட்டேன் என்று சொல்வாளா, அழுவாளா, அரிசியைக் கீழே போட்டுவிடுவாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை நடுங்கவே இல்லை. போட்டுவிட்டு, விரல்களை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, "ஓகே, அடுத்து என்ன?" என்று பீட்டரைக் கேட்டாள்.

வாய் நிறைய மெல்போர்ன் கடையில் வாங்கிய பாஸ்மதி. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அன்றைக்கு அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எப்படித்தான் விழுங்கினாளோ.