டேஷ்போர்டைக் கறுப்பாக்கிய வாரம்

எங்கள் காரைப் பொறுத்தவரை அப்பாவின் பெரிய கவலை எஞ்சின் அல்ல, டேஷ்போர்ட். மாத்தளை வாடகைக் கார் ஸ்டாண்டில் நிழல் விழுகிற இடமெல்லாம் பழைய டிரைவர்களுக்குச் சொந்தம். கடைசியாக வந்து சேர்ந்த அப்பாவுக்கு வாய்த்தது மேற்குப் பார்த்த மொட்டை வெயில். ஹயருக்கு ஆள் வருகிற வரைக்கும் கார் அங்கேயே நின்று காயும். நாலைந்து வருஷம் அப்படிக் காய்ந்ததில், வாங்கும்போது கன்னங்கரேலென்று இருந்த பிளாஸ்டிக் நரைத்துப்போய், தடவினால் விரலில் மாவு மாதிரி ஒட்ட ஆரம்பித்துவிட்டது.

அந்த நரைப்பின் இடது பக்கத்தில், முன் சீட்டில் உட்காருகிறவரின் கண்ணுக்கு நேரே, சிவப்பு எழுத்தில் ‘அம்மன் துணை’ என்று ஒட்டியிருந்தது. தேர்த் திருவிழாவில் ஸ்டிக்கர் வெட்டுகிற ஒருவரிடம் அம்மா நின்று வெட்டுவித்து வாங்கி வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி, புள்ளிகூடத் தனி. கார் ஓடுவது பெட்ரோலாலா அந்த எழுத்தாலா என்று கேட்டால் அம்மா யோசிக்காமல் பதில் சொல்வார்.

அது தொண்ணூறுகளின் கடைசி, யுத்த காலம். பலாபத்வலையில் எங்கள் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போகிற யாழ்ப்பாண றோட்டில், மழைக்குக் காளான் முளைக்கிற மாதிரி செக்பொயின்ட் முளைத்துக்கொண்டிருந்தது. மற்றக் கார்களைக் கையசைத்து அனுப்புகிற ஆமிக்காரர்கள் எங்கள் காரில் அந்த எழுத்தைப் பார்த்ததும் அப்பாவை இறங்கச் சொல்வார்கள். சாமான்களை இறக்கி ஏற்ற அரை மணி நேரம் போகும். அவசரமாகப் போகிறவர்கள் ஸ்டாண்டில் அப்பாவைத் தாண்டி அடுத்த காருக்குப் போகத் தொடங்கினார்கள். அப்பாவின் சிநேகிதரான ஒரு சிங்கள டிரைவர்தான், அதை எடுத்துவிடு, கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார், ஹயர்காரர்கள்தான் கோபித்துக்கொள்வார்கள் என்று புத்தி சொன்னாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மண்ணெண்ணெயும் பிளேடுமாக உட்கார்ந்தார். அம்மா ஒரு தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். சாமி பெயரைக் குப்பையில் போடக் கூடாதல்லவா? உரித்த எழுத்தையெல்லாம் வாங்கிக் கழுவி, அரிசி வாளியின் மூடியில் பசை தடவி வரிசையாக ஒட்டினார். ஒரு புள்ளியை மட்டும் காணோம். அதற்காக சீட்டையெல்லாம் கழற்ற வைத்தார். கடைசியில் அது அப்பாவின் முழங்கையில் ஒட்டியிருந்தது.

எழுத்து போனதே தவிரப் பெயர் போகவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத இடமெல்லாம் பழைய கறுப்பிலேயே இருந்தது. நரைத்த பரப்பில் ‘அம்மன் துணை’ முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. முன்பு சிவப்பில் இருந்தபோது ஏதோ படம் என்று நினைத்தவர்கள்கூட இப்போது தமிழ் எழுத்து என்று கண்டுகொள்வார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதலில் தேங்காயெண்ணெய். இரண்டு நாள் மினுமினுத்தது, மூன்றாம் நாள் றோட்டுப் புழுதி முழுவதும் அதில் குடியேறியது. துடைத்தால் அடியில் அம்மன் பத்திரமாக இருந்தாள். அடுத்தது சப்பாத்துப் பொலிஷ். அது நன்றாகத்தான் பிடித்தது, வெள்ளை உடுப்பில் வந்த ஒரு பள்ளிக்கூட அதிபர் வளைவில் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதே கையால் முகத்தின் வேர்வையைத் துடைக்கும் வரைக்கும்.

மூன்றாவதாக வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கராஜில் டின்கரிங் வேலை. உலகத்தில் சூடு காட்டினால் சரியாகாத சாமான் இல்லை என்பது அவர் கொள்கை. ப்ளோ லாம்ப்பைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக்குக்குள் இருக்கிற எண்ணெய் சூட்டுக்கு மேலே வரும், புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். உண்மையாகவே ஆனது. கதவு ஓரத்துத் துண்டில் நெருப்பை லேசாக ஓட்டியதும் சாம்பல் நிறம் எங்கள் கண் முன்னாலேயே கறுத்துக்கொண்டு போனது. நான் கை தட்டினேன். மாமாவுக்குத் தலைக்கேறிவிட்டது. எழுத்து இருந்த இடம் மட்டும் ஒரே நிறத்துக்கு வராமல் அடம்பிடித்தது. ‘இன்னுங் கொஞ்சம்’ என்று காட்டினார். புகை வந்தது, நாற்றம் வந்தது, பிளாஸ்டிக் அப்பளம் மாதிரிப் பொங்கி எழுந்தது.

பொங்கியதை வெட்டி எடுத்து, பட்டி வைத்து நிரவி, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டு மாமா ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. டேஷ்போர்ட் கறுப்பாகிவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. எழுத்து இருந்த இடத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு மேடு மட்டும் இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு, யார் கேட்டாலும் அந்த இடத்தில் எதுவும் இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், சாமி பெயர் என்று வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித் தந்தார். வீட்டில் பெரிய வாயாடி நான்தான். எனக்கு ஒன்பது வயது.

பள்ளிக்கூட லீவில் அப்பா ஒரு மரக்கறி வியாபாரியைத் தம்புள்ளைக்கு ஏற்றிப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முன் சீட்டு எனக்கு. பாதி வழியில் ஒரு செக்பொயின்ட். வழக்கம் போல அப்பா இறங்கி அடையாள அட்டையை நீட்டினார். ஓர் ஆமிக்காரர் என் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அந்த மேட்டைக் கண்டுவிட்டார். விரல் முட்டியால் தட்டினார். பக்கத்தில் தட்டினார். மறுபடி மேட்டில் தட்டினார். சத்தம் வேறு வேறாகக் கேட்டது.

அப்பாவைத் தூரமாக, மண்மூட்டைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் என்னமோ கேட்டார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா குனிந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற மனிதர், இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அது யாரோ என்று இருந்தது.

அப்போது இன்னொருவர் வந்து என் பக்கத்தில் குந்தினார். இளம் ஆள். சிங்களத்தில் ‘துவே’ என்று, மகளே என்று கூப்பிட்டு, இதில் முந்தி என்ன இருந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமே இருக்கல மாமா. நாங்க வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு.”

சிங்களத்தில், தடுமாறாமல், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். முதல் வாக்கியம் அம்மா தந்தது. இரண்டாவது என் சொந்தச் சரக்கு. எனக்கே பெருமையாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து மண்மூட்டைப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரொம்ப வேகம். என்னைத் தூக்கி றோட்டோரம் விட்டார்கள். ஒருவர் கத்தியைச் செருகி நெம்ப, மாமா ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்து கறுப்பாக்கிய டேஷ்போர்ட் படபடவென்று உடைந்து துண்டு துண்டாக வெளியே வந்தது. உள்ளே வயர்கள்தான் இருந்தன. எதுவும் இல்லையே, இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. அப்பாவின் சட்டையைக் கழற்றி அதாலேயே கையைப் பின்னால் கட்டினார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அப்பாவின் ஒரு செருப்புக் கழன்று கீழே விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“பாப்பா, பஸ்ல நேரா வீட்டுக்குப் போயிரு. அம்மாகிட்ட அந்த அரிசி வாளி மூடியக் கொண்டாரச் சொல்லு.”

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆமி பிடித்துக்கொண்டு போகிறது, மனிதர் அரிசி வாளி மூடி கேட்கிறார். அவர்களே ஒரு பஸ்ஸை மறித்து என்னை ஏற்றிவிட்டார்கள். செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் காசு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் அந்தச் செருப்பைப் பார்த்தார், பிறகு பலாபத்வலை வரும் வரைக்கும் என் கையை விடவே இல்லை.

அம்மாவிடம் சொன்னதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, அரிசியைச் சாக்கில் கொட்டிவிட்டு, மூடியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மாமாவோடு புறப்பட்டார். முதல் நாள் ஆமி கேம்ப் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டு, மூடியை வாங்கி மேசையில் வைத்து, காரிலிருந்து பெயர்த்த துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். ‘அ’வின் தலைச் சுழி மட்டும் மாமாவின் சூட்டுக்கும் பட்டிக்கும் தப்பி, பெயின்ட் உதிர்ந்த ஓரத்தில் நரைப்புக்கு நடுவே கறுப்பாக நின்றிருந்தது. மூடியில் இருந்த சுழியும் அதே அளவு. தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்களாம். நாலாம் நாள் அப்பா வந்தார்.

அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை, டீ கொடுத்தார்கள் என்றார். இரண்டு வாரம் அவர் குப்புறப் படுத்துத்தான் தூங்கினார். பகலில் கதிரையில் சாய மாட்டார். களைப்பு என்று அம்மா சொன்னார், நானும் களைப்பு என்றே நினைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, என்னமோ பேச்சில் அம்மா அதைச் சொன்னார். செக்பொயின்டில் கேட்ட உடனேயே அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டாராம், சாமி பெயர் ஒட்டியிருந்தது, எடுத்தேன், தழும்பு போகவில்லை, சூடு காட்டினேன் என்று. அவர்களும் பாதி நம்பியிருக்கிறார்கள். அதைச் சரிபார்க்கத்தான் அந்த இளம் ஆள் என்னிடம் வந்தது. தகப்பன் ஒன்று சொல்கிறான், பிள்ளை வேறொன்று சொல்கிறது, அப்படியென்றால் உள்ளே என்னமோ இருந்திருக்கிறது, எடுத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூடி வரும் வரைக்கும் அதைக் கேட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். அப்பா இதை அம்மாவிடம் ஒரே தடவை சொல்லி, பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மா அல்லவா, அவரும் அதை அத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறார். சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை.

அப்போது என் நினைவுக்கு வந்தது வேறொரு நாள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று. டேஷ்போர்ட் இல்லாமல் வயர் தொங்குகிற காரில் அப்பா என்னையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க நான் அந்தப் பிள்ளைக்கு ஆமியை ஏமாற்றிய கதையைச் சொன்னேன். அந்த ஆமிக்காரர் எப்படிக் கேட்டார், நான் எப்படிக் கண் சிமிட்டாமல் பதில் சொன்னேன், ‘வாங்கும்போதே இப்படித்தான்’ என்று நானாகவே சேர்த்தது எவ்வளவு கெட்டித்தனம் என்று விலாவாரியாகச் சொன்னேன். அப்பா சீட்டில் சாயாமல், ஸ்டியரிங்கைப் பிடித்து முன்னால் குனிந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“நான் நல்லாப் பேசினேன்தானேப்பா?” என்று அவரையும் சாட்சிக்கு இழுத்தேன்.

“ஆமா பாப்பா. நல்லாத்தான் பேசுன.”

பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் அவரும் இறங்கி வந்து என் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பெல் அடித்துவிடும் என்ற எரிச்சலில் அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடினேன்.